ராஜாஜி என்கிற சேலத்து வக்கீல்: பழமைவாதி என்று சொல்வது எவ்வளவு சரி?

கேள்வி இரண்டு வரிகளில் வந்திருக்கிறது. “ராஜாஜி பெரிய வக்கீல் என்கிறார்கள், பழமைவாதி என்றும் சொல்கிறார்கள். அவருடைய தொழிலுக்கும் அரசியலுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?” கேட்டவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைவிடப் பெரிது என்று நினைக்கிறேன். ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் செய்தவர் அரைநேரப் பள்ளிக்கூடத்தையும் கொண்டுவந்தார். 1938-ல் இந்தியைக் கட்டாயமாக்கியவர் 1960களில் இந்தியை எதிர்த்து நின்றார். விவசாயியின் வட்டியைச் சட்டம் போட்டுத் தள்ளுபடி செய்தவர், பிற்காலத்தில் சொத்துரிமைக்காகத் தனிக்கட்சி தொடங்கினார். இத்தனையும் ஒரே ஆளின் காரியங்களாக எப்படி இருக்க முடியும்? இவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு எது? நான் புரிந்துகொண்ட கேள்வி இதுதான்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். மாவட்ட நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்தியே காலம் கழித்தவன். ராஜாஜியும் சேலத்தில் அதே வேலையைச் செய்தவர் என்பதால் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆகவே இந்தப் பதிலில் ஆவணங்களில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். தொழில் அனுபவத்திலிருந்து நான் ஊகிப்பதை ஊகம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் படித்தால் நல்லது.

முதலில் சந்தேகமில்லாத செய்திகள். 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்று சேலம் ஜில்லா. தந்தை சக்கரவர்த்தி ஐயங்கார் அந்த ஊரின் முன்சீப். மகன் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1900-ல் சேலத்தில் தொழில் தொடங்கினார். பெயர் வாங்கியது கிரிமினல் பக்கத்தில். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். தேசிய இயக்கத் தலைவர் பி. வரதராஜுலு நாயுடு மீது ராஜத்துரோக வழக்கு தொடரப்பட்டபோது அவருக்காக வாதாடியதும் இந்தக் காலத்துச் செய்திதான்.

அவர் எவ்வளவு பெரிய வக்கீல் என்ற கேள்விக்கு அளவோடுதான் பதில் சொல்ல முடியும். அதற்குக் காரணம் எங்கள் தொழிலின் தன்மை. சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சாவது உயர் நீதிமன்றத் தீர்ப்புகள். ஜில்லா செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு வக்கீல் செய்த குறுக்கு விசாரணை, வழக்கு முடிந்ததும் வழக்குக் காகிதங்களின் கட்டுக்குள் போய்விடும். சில ஆண்டுகளில் அந்தக் கட்டும் அழிக்கப்படும். ஆகையால் ராஜாஜியின் வாதத் திறமையைப் பற்றி உலவும் கதைகளில் பெரும்பாலானவை வாய்வழி வந்தவை. அவர் ஒரு வழக்குக்கு வாங்கிய பீஸ், ஒரே கேள்வியில் சாட்சியை மடக்கியது போன்றவற்றை நான் கதைகளாகவே எடுத்துக்கொள்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ‘தி இந்து’வின் கஸ்தூரிரங்க ஐயங்கார் அவரைச் சென்னைக்கு வந்து தொழில் செய்யுமாறு அழைத்தார், 1919-ல் அவரும் வந்தார். வெளியூர் வக்கீல் ஒருவரைத் தலைநகருக்கு அப்படி அழைக்கிறார்கள் என்றால், அவருக்கு இருந்த மதிப்பை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

அன்றைய கிரிமினல் வழக்கு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய மனப்போக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கொலை போன்ற பெரிய வழக்கு நேராக செஷன்ஸுக்கு வராது. முதலில் மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சிகள் விசாரிக்கப்படுவார்கள். முகாந்திரம் இருக்கிறது என்று அவர் கருதினால்தான் வழக்கை செஷன்ஸுக்குக் கமிட் செய்வார். அங்கே அதே சாட்சிகள் மறுபடியும் கூண்டில் ஏறுவார்கள். எதிரித் தரப்பு வக்கீலுக்கு இது பெரிய வசதி. (குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் கோர்ட்டில் எதிரி என்போம்.) முதல் வாக்குமூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது வாக்குமூலத்தை வரிக்கு வரி ஒப்பிடுவார். “அன்று அரிவாள் என்றாய், இன்று வெட்டுக்கத்தி என்கிறாய். அன்று விளக்கு எரிந்தது என்றாய், இன்று நிலா வெளிச்சம் என்கிறாய்.” இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கேட்க வேண்டியதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டாலும் சாட்சி விளக்கம் சொல்லித் தப்பித்துவிடுவான். நீதிபதியோடு ஜூரிகளோ, அவருக்குக் கருத்துச் சொல்லும் அசெஸர்களோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உள்ளூர்க்காரர்கள், சட்டம் படித்தவர்கள் அல்லர்.

இந்தத் தொழிலில் பத்தொன்பது, இருபது ஆண்டுகள் ஊறியவருக்கு இரண்டு குணங்கள் படிந்துவிடும். முதலாவது, ஊரே ஒரு பக்கம் திரண்டு நின்றாலும் எதிரிக்காகத் தனியாக எழுந்து பேசும் துணிச்சல். இரண்டாவது, தர்க்கம் சரியாக அமைந்துவிட்டால் வழக்கு ஜெயித்த மாதிரிதான் என்ற நம்பிக்கை. ராஜாஜியின் பெருமை முதல் குணத்திலிருந்து வந்தது. அவருடைய தோல்விகள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து வந்தவை. என் பதிலின் சாரம் இதுதான். இனி வருவதெல்லாம் இதற்கான சான்றுகள்.

சென்னைக்குக் குடிவந்த அதே 1919-ல் காந்தி அவர் வீட்டில் வந்து தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்க்க நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் அங்கேதான், ஒரு விடியற்காலை அரைத்தூக்கத்தில் தமக்குத் தோன்றியதாகவும், அதை முதலில் ராஜகோபாலாச்சாரியிடம் சொன்னதாகவும் காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் வந்தது. ராஜாஜி தொழிலை விட்டார். மனைவி அலமேலு மங்கம்மாள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். ஐந்து குழந்தைகள். பெரிய ஊருக்கு வந்து பெரிய வருமானம் தொடங்கும் நேரத்தில் அதைக் கைவிட்டிருக்கிறார். 1921 டிசம்பரில் சிறைக்குப் போனார். வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பில், சுதந்திரம் வந்தவுடன் நல்ல ஆட்சி வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழலும் அநீதியும் நிர்வாகத் திறமையின்மையும் வாழ்க்கையை நரகமாக்கும் என்று எழுதிவைத்தார். தம் தரப்பின் பலவீனத்தை எதிர்த்தரப்புக்கு முன்பே கண்டுபிடித்துக் குறித்து வைப்பது நல்ல வக்கீலின் வழக்கம்.

தொழிலை விட்ட பிறகு அவர் கோர்ட்டில் எழுந்து நின்ற ஒரு வழக்கு உண்டு. அவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். 1920களின் நடுவில், திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள திருச்சானூர்க் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பக்தர் ஒருவர் போய்விட்டார். கோயிலைத் தீட்டுப்படுத்தினார் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 295-ஆம் பிரிவில் அவர் மீது வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட் தண்டித்துவிட்டது. ஒத்துழையாமை நோன்பு பூண்டவர் பிரிட்டிஷ் கோர்ட்டில் வாதாடலாமா? இந்தத் தயக்கத்தை ராஜாஜி ஒதுக்கி வைத்தார். வக்கீலாக அல்லாமல் தனிமனிதராக, கோர்ட்டின் அனுமதியோடு, கதர் உடையில் போய் மேல்முறையீட்டில் பேசினார். அந்த மனிதர் விடுதலையானார்.

அவர் எந்த முனையைப் பிடித்தார் என்பதில்தான் வக்கீல் தெரிகிறார். “தீண்டாமை அநியாயம்” என்று பேசியிருந்தால் கைத்தட்டல் கிடைத்திருக்கும்; விடுதலை கிடைத்திருக்காது. 295-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவதோ தீட்டுப்படுத்துவதோ மட்டும் போதாது. ஒரு மதத்தை இழிவுபடுத்தும் நோக்கம் இருந்திருக்க வேண்டும், அல்லது அப்படி இழிவாகக் கருதப்படும் என்ற அறிவோடு செய்திருக்க வேண்டும். சாமி கும்பிடப் போனவனுக்கு அந்த மதத்தையே இழிவுபடுத்தும் நோக்கம் எங்கிருந்து வரும்? அரசுத் தரப்பு அந்த நோக்கத்தை நிரூபிக்கவில்லை. குற்றத்தின் ஓர் உறுப்பு இல்லையென்றால் குற்றமே இல்லை. சமூகத்தோடு மோதாமல் சட்டத்தின் சந்து வழியாக ஒரு மனிதரை வெளியே கொண்டுவந்துவிட்டார். அந்தச் சம்பவத்தைக் காந்தி தம் பத்திரிகையில் எழுதினார்.

பிறகு நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று முதலமைச்சருக்கு அந்தப் பெயர்தான். மறு ஆண்டு தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம். சி. ராஜா மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேச மசோதாவைக் கொண்டுவந்தார். ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் போதும் என்று தொடங்கினார். எம். சி. ராஜா அதைத் துரோகமாகவே பார்த்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அவர்கள் மீதும், அவர்களை அனுமதித்த கோயில் அதிகாரிகள் மீதும் வழக்குகள் பாயும் என்பது தெரிந்ததே. ராஜாஜி உடனே அவசரச் சட்டம் பிறப்பிக்க வைத்தார். பிறகு அதுவே சட்டமானது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘அனுமதி’யும் இருக்கிறது, ‘பாதுகாப்பு’ம் இருக்கிறது. கதவைத் திறக்கும் தர்மகர்த்தாவுக்கு அனுமதி, ஏற்கெனவே திறந்தவர் மீது வழக்கு போட முடியாதபடி பாதுகாப்பு. எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் திற என்று அது கட்டளையிடவில்லை. திருச்சானூர் வழக்கில் இருந்த அதே கை இதிலும் தெரிகிறது. பழமைவாதி என்பவர் மாற்றத்தை மறுப்பவர் என்றால் ராஜாஜி பழமைவாதி ஆகமாட்டார். மாற்றத்தைத் தவணை முறையில், சட்டத்தின் அரவணைப்போடு, சமூகம் உடைந்துவிடாமல் கொண்டுவர வேண்டும் என்பவரும் பழமைவாதிதான் என்றால், அவர் முழுக்க முழுக்கப் பழமைவாதி. தவணைக்காகக் காத்திருந்தவர்களின் வலியை அந்த முறை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் செய்த சட்டங்களில் எனக்கு மிகவும் வியப்பைத் தருவது 1938-ஆம் ஆண்டின் நான்காவது சட்டம், அதாவது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலை மட்டும் கட்டினால் போதும். அசலும் வட்டியுமாக ஏற்கெனவே அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. ஒப்பந்தம் புனிதமானது என்று பிற்காலத்தில் பேசிய கட்சியின் தலைவர் எழுதுவிக்கக்கூடிய சட்டமா இது? புரோநோட்டை எழுதி வாங்கியவனும் கையெழுத்துப் போட்டவனும் ஒத்துக்கொண்ட வட்டியை அரசாங்கம் நடுவில் புகுந்து அழிக்கிறது. சேலம் கோர்ட்டுகளில் கடன் வழக்குகள் நடக்கும் விதத்தைக் கண்ணால் பார்த்தவர் என்பதால்தான் இப்படி எழுத முடிந்தது என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் அசலைப்போல் இரு மடங்கு என்ற வரம்பு வானத்திலிருந்து விழுந்ததல்ல. வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்பது பழைய இந்து தர்ம சாஸ்திர விதி. பழைய நெறியிலிருந்து எடுத்த கருவியைக் கொண்டு புதிய சீர்திருத்தம் செய்திருக்கிறார். அவரது பழமைப் பற்று இப்படிப்பட்டது.

மதுவிலக்கிலும் இதே கணக்குப் போடும் புத்தி இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் பரவலாகப் போடப்பட்ட முதல் பொது விற்பனை வரி அது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். வரி குறைவாக இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் எழுதியவரின் கையிலிருந்து பிறந்தது இந்த வரி என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

இனி மறுபக்கம். வரதராஜுலு நாயுடுவுக்காக ராஜத்துரோகப் பிரிவை எதிர்த்து வாதாடியவரின் அரசாங்கம், பதவிக்கு வந்த சில மாதங்களில் காங்கிரஸ் சோஷலிஸ்டான பாட்லிவாலா மீது அதே ராஜத்துரோகக் குற்றம் சாட்டி வழக்குப் போட்டது. நேரு கொதித்தார். 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது, மறியல் செய்தவர்களை அடக்க 1932-ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டத்தைப் பயன்படுத்தினார். காங்கிரஸ் மறியலை நசுக்குவதற்காக வெள்ளைக்கார அரசு போட்ட சட்டம் அது. காங்கிரஸே கண்டித்த சட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் சிறைவாசத்தின்போது இறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-ல் மத்திய உள்துறை அமைச்சராக, தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் நடத்திக்கொடுத்தவரும் அவர்தான். விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் சட்டத்தை ஒரு கிரிமினல் வக்கீல் எப்படி ஆதரிக்க முடியும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அரசு நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் அரசுத் தரப்பு வக்கீலாகிவிட்டார் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் இந்தப் பக்கத்தை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தர்க்கம் சரியாக இருந்தும் தோற்ற வழக்குகள் என்று பார்த்தால் முதலில் நிற்பது 1942. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டு சமரசம் பேசலாம் என்றார், காங்கிரஸ் நிராகரித்தது. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தையும் அவர் ஏற்கவில்லை, கட்சியிலிருந்து விலகினார். 1944-ல் அவர் எழுதிய திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் காந்தி ஜின்னாவோடு பேசினார். ஜின்னா மறுத்துவிட்டார். அந்தத் திட்டத்தைப் படித்தால், வழக்கு முற்றிப்போய் இரு தரப்பும் அழிவதற்கு முன்பு கோர்ட்டுக்கு வெளியே எழுதப்படும் ராஜிப் பத்திரம் போலவே இருக்கும். மூன்று ஆண்டுகளில் நடந்த பிரிவினையை வைத்துப் பார்க்கும்போது அவருடைய கணிப்பு தவறவில்லை என்பது தெரிகிறது. ஆனால் அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் சிறையில் கிடந்தார்கள். இவர் வெளியே இருந்து வாதம் செய்துகொண்டிருந்தார். அதை அவர்கள் மறக்கவில்லை.

இரண்டாவது, 1953-ன் ஆரம்பக் கல்வித் திட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. ஆக, மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் வந்த முதலமைச்சர். மறு ஆண்டு, கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து இரண்டு ஷிப்டுகளாக்கினார். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்பார்கள். அவருடைய வாதம் இதுதான்: பாதிப் பிள்ளைகளுக்கு மேல் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள், புதிய கட்டடத்துக்கும் வாத்தியாருக்கும் பணமில்லை, இருக்கும் பள்ளியை இரண்டு முறை பயன்படுத்தினால் இரு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம். தாளில் எழுதிப் பார்த்தால் ஓட்டை தெரியாத வாதம்.

ஆனால் தாளில் இல்லாத ஒருவர் இருந்தார். சவரத் தொழிலாளியும் வெட்டியானும் சலவைத் தொழிலாளியும் தங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதே அந்தத் தொழிலிலிருந்து அவன் தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர்களிடம் போய், “மீதி நேரம் உன் தொழிலையே கற்றுக்கொடு” என்று ஒரு பிராமண முதலமைச்சர் சொல்கிறார். அதை அவர்கள் எந்தக் காதால் கேட்பார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. சட்டமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல், கட்சியைக் கலக்காமல், அரசு ஆணையாகவே அமலாக்கினார். பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் போராடினார். தி.மு.க.வின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை ராஜாஜி வீட்டுக்கு முன்னால் மறியல். சாதியை நிலைநிறுத்தவே அவர் அதைக் கொண்டுவந்தார் என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. உள்நோக்கத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். திருச்சானூர் வழக்கில் அவரே சொன்னபடி, நோக்கத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஆனால் விளைவைப் பற்றிச் சந்தேகமே இல்லை. அந்தத் திட்டம் நின்றிருந்தால் அது சாதியைத்தான் இறுக்கியிருக்கும். சொந்தக் கட்சிக்காரர்களே திரும்பினார்கள். 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இதே ஆட்சியின் இன்னொரு காரியத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் படம் கோணலாகிவிடும். 1952-ல் தஞ்சை ஜில்லாவுக்கென்று குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு. பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. மிராசுதாரர்கள் எரிச்சலடைந்தார்கள். கம்யூனிஸ்ட்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்தவர், அவர்கள் வளர்ந்துவந்த ஜில்லாவில் அவர்களுடைய கோரிக்கையின் ஒரு பகுதியைத் தாமே சட்டமாக்கிவிட்டார். எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தைத் தன் வாதமாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் என்று இதைச் சொல்லலாம். நிலச்சுவான்தார்களின் ஆள் என்ற ஒற்றை வரியில் அவரை அடக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர் பழமைவாதி என்று சொன்னபோது மனத்தில் வைத்திருந்தது பெரும்பாலும் சுதந்திராக் கட்சியாக இருக்க வேண்டும். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. நிலத்தைச் சேர்த்துப் பயிரிடுவது என்பது நாளடைவில் நிலத்தைப் பறிப்பதில் முடியும் என்று ராஜாஜி பயந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் கட்சி அறிவிக்கப்பட்டது. என். ஜி. ரங்கா தலைவர், மினு மசானி முக்கியத் தூண். ராஜாஜிக்கு அப்போது வயது 80. எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று சர்க்கார் அதிகாரியின் மேஜை முன்னால் நிற்கவைக்கும் ஆட்சியை அவர் ‘சுயராஜ்யா’ வார இதழில் வாரந்தவறாமல் தாக்கினார். 1962-ல் மக்களவையில் 18 இடங்கள், 1967-ல் 44 இடங்கள்; எதிர்க்கட்சிகளில் முதலிடம். அதே 1967-ல் தமிழ்நாட்டில் தி.மு.க.வோடு சேர்ந்து காங்கிரஸை வீழ்த்தினார். கொடும்பாவி கொளுத்தியவர்களோடு கூட்டா என்று கேட்டவர்கள் உண்டு. அவருக்கு அது உறுத்தவில்லை. எதிரில் நிற்கும் சர்க்கார் பெரிதாகிவிட்டது. கிடைத்த சாட்சிகளை வைத்துத்தான் வழக்கு நடத்த வேண்டும்.

இந்தி விஷயத்தில் அவர் தடம் மாறினார் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது, ஓரளவுக்கு. 1938-ல் அவர் அரசாங்கத்தின் பக்கம் நின்று பேசினார். 1958-க்குப் பிறகு, மத்திய அரசின் அதிகாரத்துக்கு எதிரில் நின்று, ஆங்கிலமே ஆட்சிமொழியாகத் தொடர வேண்டும் என்று வாதாடினார். நாற்காலியில் இருக்கும்போது அதிகாரத்தின் பக்கம், வெளியே இருக்கும்போது தனிமனிதனின் பக்கம் என்று ஒரு கோடு போட்டால் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடுகிறது. அடங்காதவையும் உண்டு: கடன் சட்டம், தஞ்சைச் சட்டம், மதுவிலக்கு. 1971-ல் மதுவிலக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்க, 92 வயதில் முதலமைச்சர் கருணாநிதியைத் தேடிப்போனார். அந்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. மதுவிலக்கில் மட்டும் அவர் எந்த நாற்காலியில் இருந்தாலும் ஒரே பேச்சுதான் பேசினார்.

அவர் தொழிலாகச் செய்த இன்னொன்று எழுத்து. அதை வேகமாகக் கடந்துபோகிறேன், கேள்வி அதைப் பற்றியதல்ல என்பதால். இராமாயணத்தை உரைநடையில் எழுதிய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்கு 1958-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அந்தத் தமிழில் வாக்கியங்கள் சிறியவை, அலங்காரம் இல்லை, ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குப் பொறுப்பேற்கும். அசெஸர்களுக்கு விளங்கும்படி பேசிப் பழகியவரின் நடை என்று எனக்குத் தோன்றுகிறது. இலக்கியம் தெரிந்தவர்கள் வேறு காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில்: தொடர்பு உண்டு, அது ஆழமானது. அவரைப் பழமைவாதி என்பது பாதி சரி. சொத்து, குடும்பம், மதம், ஒழுக்கம் ஆகியவற்றில் அவர் பழமையைக் காக்க நினைத்தவர். தீண்டாமையிலும் குத்தகையிலும் கடனிலும் மாற்றத்தைச் செய்தவர், ஆனால் மெதுவாக, மேலிருந்து, தம் அறிவை மட்டும் நம்பி. அவர் 1972 டிசம்பர் 25 அன்று காலமானார். சுதந்திராக் கட்சி 1974-ல் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அவர் கட்சி எந்தச் சொத்துரிமைக்காக அரசியல் சட்டத்தின் 17-ஆம் திருத்தத்தை எதிர்த்ததோ, அந்த உரிமையை 1978-ன் 44-ஆம் திருத்தம் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இன்று அது 300-ஏ பிரிவில், அடிப்படை உரிமையல்லாத அரசியல் சட்ட உரிமையாக இருக்கிறது. நிலம் எடுப்பு வழக்குகளில் அந்தப் பிரிவை நாங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம்; சட்டப்படியல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது என்று நீதிமன்றங்களும் அதை வைத்துத் தீர்ப்பளித்து வருகின்றன. அந்த வாதத்தின் அரசியல் வடிவத்தைப் படிக்க விரும்பினால் ராஜாஜியின் ‘சுயராஜ்யா’ கட்டுரைகளில் தொடங்குங்கள். அதோடு 1953-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமன்ற விவாதங்களையும் சேர்த்துப் படியுங்கள், ஒன்றை மட்டும் படித்தால் பாதி ராஜாஜிதான் கிடைப்பார்.